டெக்சஸில் வீட்டு வரி மதிப்பீட்டை ஆட்சேபிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் பிளேனோ, ஃபிரிஸ்கோ, கேட்டி, ரவுண்ட் ராக் என்று நம்மவர்கள் வாழும் ஊர்களில் எல்லாம் ஒரே பேச்சு: "உங்களுக்கு இந்த வருடம் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள்?" தமிழ்ப் பள்ளி வாசலிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். இவை டெக்சஸ் மாநிலத்துக்கு மட்டுமே பொருந்தும். கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் விதிகள் வேறு.

தபாலில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. இதுதான் வரி பில்லா? உடனே கட்ட வேண்டுமா?

இல்லை, இது மதிப்பீட்டு அறிவிப்பு. இந்த ஆண்டு ஜனவரி 1 அன்று உங்கள் வீடு சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று உங்கள் கவுண்டியில் சொத்துகளுக்கு மதிப்புப் போடும் அலுவலகமான அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் போட்ட கணக்கு. ஜனவரி 1 என்ற தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களில் அது வரும்.

பில் அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும். அதைக் கட்ட அடுத்த ஜனவரி 31 வரை அவகாசம் உண்டு. ஆனால் மதிப்பைப் பற்றிப் பேச வேண்டிய காலம் இந்தக் கடிதம் வந்த சில வாரங்கள்தான். பில்லைப் பார்த்த பிறகு பதறுகிறவர்கள்தான் அதிகம். அப்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஊரில் வீட்டு வரிக்கு இவ்வளவு பாடு இல்லையே. இங்கே மட்டும் ஏன் வருடா வருடம் ஏறுகிறது?

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடம், கவுண்டி, நகராட்சி, பல இடங்களில் அரசு மருத்துவமனை, சமுதாயக் கல்லூரி என உள்ளூர்ச் செலவுகளின் பெரும்பகுதி வீட்டு வரியிலிருந்தே வருகிறது. சென்னையில் தெருவுக்கென்று நிர்ணயித்த அடிப்படை வீதத்தையும் கட்டடப் பரப்பையும் வைத்து அரையாண்டு வரி போடுகிறார்கள். இங்கே சந்தை விலையே அடிப்படை. அதைப் பல்லாயிரம் வீடுகளுக்குச் சேர்த்து, கணினியில் மொத்தமாகக் கணக்கிடுகிறார்கள். உங்கள் சமையலறை எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் உள்ளே வந்து பார்ப்பதில்லை. ஆகவே தவறு நேர வாய்ப்பு நிறையவே இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டும் உரிமையைச் சட்டம் ஒவ்வொரு வருடமும் வீட்டுக்காரருக்குத் தருகிறது, கட்டணம் எதுவும் இல்லாமல்.

வங்கிதான் எஸ்குரோ கணக்கிலிருந்து வரியைக் கட்டுகிறது. நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

எஸ்குரோ என்பது வரிக்கும் காப்பீட்டுக்கும் என்று உங்கள் மாதத் தவணையோடு வாங்கிச் சேர்த்துவைக்கும் கணக்கு, அது உங்கள் பணம். வரி கூடினால் வங்கி எஸ்குரோ கணக்கைச் சரிபார்த்து, பற்றாக்குறையை உங்கள் மாதத் தவணையில் ஏற்றிவிடும். வட்டி மாறாத கடன் வாங்கியும் தவணை ஏறிவிட்டதே என்று குழம்புகிறவர்களின் வீட்டில் காரணம் பெரும்பாலும் வரியோ வீட்டுக் காப்பீடோதான்.

வீடு வாங்கி மூன்று வருடமாகிறது. ஹோம்ஸ்டெட் விலக்கு தானாகவே வந்திருக்கும்தானே?

தானாக வராது. ஹோம்ஸ்டெட் விலக்கு என்பது நீங்களே குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பில் ஒரு தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி போடுவது. வீடு விற்ற பில்டரோ, பத்திரம் முடித்த டைட்டில் கம்பெனியோ இதைச் செய்து தருவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். படிவம் 50-114-ஐ நிரப்பி அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு நீங்கள்தான் அனுப்ப வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கும் கட்டணம் இல்லை. அரசாங்கக் கடிதம் போலவே அச்சடித்து, விண்ணப்பித்துத் தர இவ்வளவு டாலர் என்று வரும் தபால்களைக் குப்பையில் போடுங்கள்.

ஆட்சேபத்தைவிட இது முக்கியம் என்பேன். பள்ளி வரிக்கான விலக்கு 2023-இல் 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சமானது. 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் தந்ததும் 1,40,000 ஆனது. பள்ளி வரி வீதம் 100 டாலருக்கு 1.10 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,540 டாலர் மிச்சம். கீழே பேசப்போகும் 10 சதவீத வரம்பும் இந்த விலக்கு உள்ளவர்களுக்குத்தான். விட்டுப்போயிருந்தால் இன்றே விண்ணப்பியுங்கள். வரி கட்டும் கெடு முடிந்து இரண்டு வருடம் வரை பின்தேதியிட்டும் பெறலாம்.

நான் இன்னும் எச்1பி விசாவில் இருக்கிறேன். விலக்குக் கேட்டால் கிரீன் கார்டுக்குப் பிரச்சினை வருமா?

இது அரசு உதவித்தொகை அல்ல, சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான வரிச் சலுகை. அந்த வீடு உங்கள் பெயரில் இருக்கிறதா, அதில்தான் முதன்மையாக வசிக்கிறீர்களா என்பதைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை இதற்கு நிபந்தனை அல்ல. இந்தப் பயத்திலேயே வருடக்கணக்கில் விண்ணப்பிக்காமல் இருக்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசித் தேதி எது? எங்கே கொடுப்பது?

மே 15, அல்லது அறிவிப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாள், இரண்டில் எது பிந்தியதோ அது. உங்கள் அறிவிப்பிலேயே தேதி அச்சிட்டிருக்கும். பெரிய கவுண்டிகளில் இணையத்திலேயே பதியலாம், அதற்கான எண் கடிதத்தில் இருக்கும். தபாலில் அனுப்புவதானால் படிவம் 50-132. பதியும் அன்றே ஆதாரம் தர வேண்டியதில்லை. முதலில் பதிந்துவிடுங்கள், ஆதாரத்தைப் பிறகு திரட்டலாம்.

படிவத்தில் காரணம் கேட்கிறார்கள். எதை 'டிக்' செய்வது?

இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, மதிப்பு சந்தை விலையைவிட அதிகம் என்பது. மற்றது, ஒத்த வீடுகளோடு ஒப்பிட்டால் என் வீட்டுக்குச் சமமற்ற மதிப்பு போட்டிருக்கிறார்கள் என்பது. இவை இரண்டும் தனித்தனி வாதங்கள். முதலாவதில் தோற்றாலும் இரண்டாவதில் ஜெயிக்க முடியும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டால் விசாரணை நாளில் மற்றதைப் பேச முடியாமல் போகலாம்.

வேலை போய்விட்டது, இவ்வளவு வரி கட்ட முடியாது என்று சொன்னால் குறைப்பார்களா?

குறைக்க மாட்டார்கள், அவர்களால் முடியாது. உங்கள் ஆட்சேபத்தைக் கேட்க எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வீட்டின் மதிப்பைத் திருத்தும் அதிகாரம் மட்டுமே உண்டு. வரி வீதத்தைத் தீர்மானிப்பவர்கள் பள்ளி வாரியமும் நகராட்சியும் கவுண்டியும். வீதம் அதிகம் என்பது உங்கள் குறையானால் ஆகஸ்ட், செப்டம்பரில் அவர்கள் நடத்தும் பொதுக் கூட்டங்களில் பேச வேண்டும். மனக்குறையை எல்லாம் கொட்டிவிட்டு, கடைசி நிமிடத்தில் ஆதாரத்தை எடுக்கிறவர்களுக்கு நேரம் தீர்ந்துவிடுகிறது.

சந்தை விலை அதிகம் என்று எப்படி நிரூபிப்பது? பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்றே தெரியவில்லையே.

டெக்சஸில் விற்பனை விலையை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதனால் பொதுப் பதிவேட்டில் விலை இருக்காது. வீடு வாங்க உதவிய ரியல் எஸ்டேட் முகவரிடம் கேளுங்கள். உங்கள் குடியிருப்பில் ஜனவரி 1-ஐ ஒட்டி விற்ற, அளவிலும் வயதிலும் ஒத்த வீடுகளின் பட்டியலை எடுத்துத் தருவார். நீங்களே அண்மையில் வாங்கியவர் என்றால் பத்திரம் முடிந்த அன்று தந்த கணக்குத் தாளைவிட நல்ல ஆதாரம் இல்லை. பில்டர் வட்டியைக் குறைக்கவோ பத்திரச் செலவுக்கோ பணம் தந்திருந்தால் அதையும் காட்டுங்கள். உண்மையான விலை அந்த அளவுக்குக் குறைவு என்று வாதிடலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் உங்கள் வீட்டுப் பதிவைத் திறந்து வரிவரியாகப் படியுங்கள். குடியிருப்புப் பரப்பு சரியா, கார் நிறுத்தும் இடத்தை அறையாகச் சேர்த்திருக்கிறார்களா, இல்லாத நீச்சல் குளம் இருக்கிறதா, குளியலறை எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். இந்த வகைத் தவற்றைப் பில்டர் தந்த வரைபடத்தை வைத்தே நிரூபித்துவிடலாம், வாதாட வேண்டிய தேவையே இருக்காது.

'சமமற்ற மதிப்பு' என்றால் என்ன? அதற்கு எப்படிக் கணக்குப் போடுவது?

நம்மில் பலர் தொடாமல் விடும் வழி இது. என் அனுபவத்தில் சாதாரணக் குடும்பத்துக்கு மிகவும் கை கொடுப்பதும் இதுதான், ஏனென்றால் தேவையான தகவல் முழுவதும் அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. விற்பனை விலை எதுவும் வேண்டாம். ஒத்த வீடுகளுக்கு அவர்களே போட்டிருக்கும் மதிப்பின் இடைநிலையைவிட உங்கள் மதிப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். உங்கள் வீடு 2,900 சதுர அடி, மதிப்பு 5,39,400 டாலர், அதாவது சதுர அடிக்கு 186. அதே குடியிருப்பில், அதே பில்டர் கட்டிய, ஏறக்குறைய அதே அளவும் வயதும் கொண்ட ஐந்து வீடுகளை எடுக்கிறீர்கள். அவற்றின் சதுர அடி மதிப்பை வரிசைப்படுத்தினால் 168, 171, 174, 176, 189. நடுவில் நிற்பது 174. அதை 2,900-ஆல் பெருக்கினால் 5,04,600. வித்தியாசம் 34,800 டாலர். மொத்த வரி வீதம் 100 டாலருக்கு 2.20 என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 765 டாலர்.

குறைந்த மதிப்புள்ள வீடுகளாகப் பொறுக்கி எடுக்காதீர்கள், எதிரே இருப்பவர் அதை ஒரு நொடியில் கண்டுபிடிப்பார். மேலே 189 இருப்பதைக் கவனியுங்கள். உங்களுக்குப் பாதகமான வீட்டையும் சேர்த்திருப்பதே பட்டியலுக்கு நம்பகத்தன்மை தருகிறது. சிறிய வீடுகளுக்குச் சதுர அடி மதிப்பு இயல்பாகவே கூடுதலாக இருக்கும், ஆகவே அளவு நெருக்கமாக இருப்பது அவசியம். ஒரு வீட்டில் நீச்சல் குளம் இருந்தால் அதன் மதிப்பைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

சுவரில் அஸ்திவார விரிசல் இருக்கிறது. கூரையும் ஏப்ரல் ஆலங்கட்டி மழையில் அடிபட்டது. இரண்டையும் காட்டலாமா?

விரிசலைக் கட்டாயம் காட்டுங்கள். டாலஸ், ஹூஸ்டன் பகுதிகளின் களிமண் மழையில் உப்பி, வெயிலில் சுருங்குவது. அஸ்திவாரம் நகர்வது அங்கே ஊரறிந்த செய்தி. கதவு நிலைக்கு மேலே மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பின் மேல் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். அதோடு பழுது பார்க்கும் நிறுவனத்திடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். தொகை இல்லாத படத்தை வைத்து அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட்டின் மதிப்பீட்டாளரால் கணக்கில் எதையும் கழிக்க முடியாது.

கூரை விஷயத்தில் முதல் பதிலில் சொன்ன ஜனவரி 1 குறுக்கே வருகிறது. ஏப்ரலில் நேர்ந்த சேதம் இந்த ஆண்டு மதிப்பில் சேராது. ஆளுநர் பேரிடர் பகுதியாக அறிவித்து, வீட்டில் குறைந்தது 15 சதவீதச் சேதம் இருந்தால், தற்காலிகப் பேரிடர் விலக்கு என்று தனியாக ஒன்று உண்டு. அதற்கு 105 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் வீடு தெற்கு வாசல். கிழக்கு வாசல் வீடுகள்தான் அதிக விலைக்குப் போகின்றன. இதைச் சொல்லலாமா?

நம்மவர்கள் வாங்கும் இடங்களில் அந்த விலை வேறுபாடு இருக்கலாம். ஆனால் வாசல் திசைக்கென்று மதிப்பைக் குறைத்துத் தரமாட்டார்கள். பின்புறம் நெடுஞ்சாலை ஓடுகிறது, உயர் அழுத்த மின்கம்பி போகிறது, மழைநீர் வாய்க்கால் ஒட்டியிருக்கிறது போன்ற குறைகளுக்கு மதிப்பு உண்டு. வரைபடமும் படமும் கொண்டுபோங்கள்.

மதிப்பீட்டாளர் கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

ஆட்சேபங்களை விசாரித்து முடிவு சொல்லும் மதிப்பீட்டு மறுஆய்வு வாரியத்தின் (அப்ரெய்சல் ரிவ்யூ போர்டு) விசாரணைக்கு முன்னால் நேரிலோ தொலைபேசியிலோ இணையத்திலோ நடக்கும் முறைசாராப் பேச்சு இது. பல ஆட்சேபங்கள் இங்கேயே முடிந்துவிடும். உங்கள் கணக்கு எவ்வளவு காட்டுகிறது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போங்கள், அதற்கு அருகில் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்திட்டுவிட்டால் அந்த ஆண்டுக்கு அதுவே முடிவு. மேல்முறையீடு கிடையாது. இணையத்தில் 'சம்மதம்' பொத்தானை அழுத்துவதும் கையெழுத்துதான். சம்மதம் இல்லையென்றால் பணிவாக மறுத்துவிட்டு விசாரணைக்குப் போகலாம்.

வாரிய விசாரணை என்றால் கோர்ட் மாதிரி இருக்குமா? என் ஆங்கிலம் அவ்வளவு சரளம் இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் மூன்று பேர் இருப்பார்கள். அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் ஊழியர்கள் அல்லர், அந்தக் கவுண்டியில் வசிப்பவர்கள். உண்மையே சொல்வதாக உறுதிமொழி வாங்குவார்கள். நீங்கள் பேசுவீர்கள், மதிப்பீட்டாளர் பேசுவார், பெரும்பாலும் கால் மணி நேரத்தில் அங்கேயே முடிவு சொல்வார்கள். உங்கள் வீட்டுக்குப் போட்ட மதிப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு பொதுவாக அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட்டுடையது. அழகான ஆங்கிலம் தேவையில்லை. ஒரே பக்கத்தில் எண்களும் அதன் பின்னால் படங்களும் வைத்து, வாரியத்துக்கும் மதிப்பீட்டாளருக்கும் நகல் கொடுத்தால் தாளே பேசும்.

முன்கூட்டியே ஒன்று செய்யுங்கள். அவர்கள் காட்டப்போகும் ஆதாரத்தின் நகலை எழுதிக் கேளுங்கள். விசாரணைக்கு 14 நாட்களுக்கு முன்னதாக அது உங்களுக்குக் கிடைத்தாக வேண்டும். நீங்கள் கேட்டும் தராததை அவர்கள் விசாரணையில் பயன்படுத்த முடியாது. அந்தத் தேதியில் இந்தியப் பயணமோ அலுவலக வேலையோ குறுக்கிட்டால், ஆட்சேபத்துக்கென்று முகவர் வைக்காத வீட்டுக்காரர் காரணம் சொல்லாமலே ஒரு முறை ஒத்திவைக்கக் கேட்கலாம். சொல்லாமல் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஆட்சேபித்தால் கோபத்தில் இன்னும் ஏற்றிவிடுவார்களாமே?

இல்லை. பதிவேட்டில் இருக்கும் மதிப்பைவிட அதிகமாக வாரியம் தீர்மானிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வாரியம் குறைத்துத் தந்திருந்தால், அடுத்த ஆண்டு அதை ஏற்றுவதற்கு அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் வழக்கத்தைவிட வலுவான ஆதாரம் காட்ட வேண்டும்.

என் அறிவிப்பில் இரண்டு தொகை இருக்கிறதே, சந்தை மதிப்பு 5,20,000, வரிக்கான மதிப்பு 4,40,000. எதை ஆட்சேபிப்பது?

ஹோம்ஸ்டெட் வீட்டில் வரிக்கான மதிப்பு ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. போன வருடம் 4,00,000 இருந்ததால் இந்த வருடம் 4,40,000-இல் நின்றிருக்கிறது. நீங்கள் வாதாடிச் சந்தை மதிப்பை 4,70,000 ஆக்கினாலும் இந்த ஆண்டு பில்லில் ஒரு டாலர்கூடக் குறையாது. 4,40,000-க்குக் கீழே கொண்டுவர ஆதாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இந்த வருடம் உங்கள் நேரத்தை வேறு வேலைக்குச் செலவிடலாம் என்பது என் கருத்து.

புது வீடு. முதல் வருடம் வரி மிகக் குறைவு, இரண்டாம் வருடம் இரட்டிப்பாகிவிட்டது. 10 சதவீத வரம்பு என்ன ஆயிற்று?

முதல் வருடம் ஜனவரி 1 அன்று உங்கள் வீடு வெறும் மனையாகவோ பாதிச் சுவராகவோ இருந்திருக்கும், அதற்குத்தான் வரி போட்டார்கள். வரம்பு ஹோம்ஸ்டெட் கிடைத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்தே தொடங்கும். புதிதாகக் கட்டிய பகுதிக்கு அது பொருந்தாது. ஆகவே முழு வீட்டுக்கு முதல்முறையாக மதிப்புப் போடும் ஆண்டில் கவனமாக ஆட்சேபியுங்கள். பின்வரும் வருடங்களின் வரம்பு அந்த எண்ணிலிருந்துதான் ஏறும்.

வாடகைக்கு விட்ட இரண்டாவது வீட்டுக்கு?

ஹோம்ஸ்டெட் கிடையாது, ஆட்சேப உரிமை உண்டு. 50 லட்சம் டாலருக்கு உட்பட்ட இத்தகைய சொத்துகளுக்கு 20 சதவீத வரம்பு ஒன்றை 2024 முதல் 2026 வரையிலான வரி ஆண்டுகளுக்குத் தற்காலிகமாகக் கொண்டுவந்தார்கள்.

அப்பா அம்மா எங்களோடு இருக்கிறார்கள், இருவருக்கும் 65 தாண்டிவிட்டது. மூத்தோர் விலக்கு கிடைக்குமா?

வீட்டு உரிமையில் அவர்கள் பெயரும் இருந்து, அதுவே அவர்களின் நிரந்தர வசிப்பிடமாகவும் இருந்தால்தான். அப்படியானால் பள்ளி வரியில் கூடுதலாக 60,000 டாலர் விலக்கும், அதற்கு மேல் பள்ளி வரி ஏறாதபடி உச்சவரம்பும் கிடைக்கும். இதற்காக மட்டும் பத்திரத்தில் பெயர் சேர்க்க எண்ணினால், வீட்டுக் கடன், அன்பளிப்பு வரி, வாரிசுரிமை மூன்றையும் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

நமக்காக ஆட்சேபம் செய்து தரும் கம்பெனிகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கின்றனவே. கொடுத்துவிடலாமா?

நேரமே இல்லையென்றால் கொடுக்கலாம், சும்மா விடுவதைவிட அது மேல். மிச்சமாகும் வரியில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுப்பார்கள். ஆனால் உங்கள் சுவரின் விரிசல் அவர்களுக்குத் தெரியாது, நீங்கள் அனுப்பினால் தவிர. ஒப்பந்தம் வருடா வருடம் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா, வரம்பினால் கிடைத்த குறைப்புக்கும் கட்டணம் கேட்கிறார்களா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மே 15 போய்விட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

மருத்துவமனை, குடும்பத்தில் மரணம் போன்ற தக்க காரணம் இருந்தால், வாரியம் பதிவேட்டை ஏற்றுக்கொள்ளும் முன் எழுதிக் கேட்கலாம். அது பெரும்பாலும் ஜூலையில் நடக்கும். அதற்குப் பிறகு, ஹோம்ஸ்டெட் வீட்டின் மதிப்பு சரியான மதிப்பைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதல் என்று நிரூபிக்க முடிந்தால், வரிக் கெடு முடிவதற்குள் திருத்தம் கோர ஒரு வழி இருக்கிறது. வென்றாலும் திருத்திய வரியில் 10 சதவீத அபராதம் உண்டு.

வாரியத்திலும் தோற்றுவிட்டேன். அடுத்து?

வாரியத்தின் உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாள். மாவட்ட நீதிமன்றம் போகலாம், ஆனால் ஒரு வீட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாவது அரிது. நடுவர் தீர்ப்பு முறைதான் குடும்பங்களுக்கு ஏற்றது. ஐந்து லட்சம் டாலர் வரையிலான ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு 450 டாலரும், அதற்கு மேல் 500 டாலரும் முன்பணம். நடுவர் தரும் மதிப்பு வாரியத்தின் எண்ணைவிட உங்கள் எண்ணுக்கு நெருக்கமாக இருந்தால் 50 டாலர் போக மீதி திரும்ப வரும், இல்லையென்றால் நடுவர் கட்டணம் அந்த முன்பணத்திலிருந்து போகும். ஆகவே நீங்கள் எழுதும் எண் பேராசையாக இருக்கக் கூடாது.

வழக்கு நடக்கும்போதும் ஜனவரி 31-க்குள் வரியைக் கட்டுங்கள். கட்டாமல் விட்டால் பிப்ரவரி முதல் நாளே 6 சதவீத அபராதமும் 1 சதவீத வட்டியும் ஏறுவதோடு, மேல்முறையீட்டு உரிமையையும் இழக்க நேரும். நீங்கள் வென்றால், கூடுதலாகக் கட்டியதைத் திருப்பித் தருவார்கள்.